உறங்கிய இரும்பும் உழைத்த கையும்

ஒரு பொருளைப் பேணுதல் என்பது யாது? மழையில் நனையாமலும் கள்வர் கைக்கு எட்டாமலும் அதனை ஒரு மூலையில் வைத்துப் பூட்டிவிடுதலே பேணுதல் என்று நம்மிற் பெரும்பாலோர் எண்ணுகின்றோம். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் வளவின் பின்கொட்டிலில் முப்பத்துமூன்று ஆண்டுகள் கிடந்த ஓர் உழவு யந்திரத்தை 2023ஆம் ஆண்டில் மீண்டும் இயக்க முற்பட்டபோதுதான் அவ்வெண்ணத்தின் பொய்ம்மை எனக்குப் புலனாயிற்று. யந்திரத்தைப் பற்றித் தொடங்கிய விசாரணை, மனிதரைப் பற்றியதாக முடிந்தது.

அது இரண்டு சில்லுகள் கொண்ட சிறிய யந்திரம். பின்னால் நடந்து சென்று கைபிடிகளால் செலுத்துவது. லான்ட்மாஸ்ரர் என்பது இங்கிலாந்தில் உற்பத்தியான ஒரு வகையின் வணிகப் பெயர். ஆயினும், நம் நாட்டிற் காலப்போக்கில் இவ்வினத்து யந்திரங்களுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயராயிற்று. 1970ஆம் ஆண்டையடுத்து மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, யாழ்ப்பாணத் தோட்டங்கள் செழித்த காலத்தில், பிறர் பாவித்த ஒன்றை என் தந்தையார் விலைக்கு வாங்கினார். பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை அது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் அச்செழிப்பைக் குலைத்தது. 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்தபோது விளக்கெரிக்கவே மண்ணெண்ணெய் அரிதாயிற்று. யந்திரம் கொட்டிலுக்குள் ஒதுங்கியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த இரவில், சுமக்கக்கூடியதைச் சுமந்தோம். இரும்பைச் சுமக்க இயலவில்லை. திரும்பி வந்தபோது அது நின்ற இடத்திலேயே நின்றது. 2009இல் போர் முடிந்த பின்னரும் அதனைத் தொட எவருக்கும் தோன்றவில்லை.

கொட்டிலைத் திறந்தபோது வெளித்தோற்றத்திற் பெருங்குறை எதுவும் தெரியவில்லை. அழிவு உள்ளே நிகழ்ந்திருந்தது. தாங்கியில் எஞ்சிய எரிபொருள் ஆவியாகி, மிச்சம் அரக்குப்போல் இறுகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. புகைபோக்கிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இறப்பர் வளையங்கள் விரல் பட்டதும் உதிர்ந்தன. பிஸ்ரன் துருவினால் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டமையால் கயிற்றை இழுத்தும் பிளைவீல் அசையவில்லை. எங்களிடம் உழைத்த ஆண்டுகள் செய்யாத கேட்டினை உறங்கிய ஆண்டுகள் செய்திருந்தன.

இந்த உண்மையை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் சுட்டியுள்ளார். யந்திரம் என்பது முன்னர் உழைத்தோரின் உறைந்த உழைப்பு; இன்று உழைப்போரின் கை படும்போதுதான் அது உயிர்க்கின்றது; கை படாதபோது இயற்கை அதனைத் தின்னத் தொடங்குகின்றது என்பது அவர் கருத்தின் சாரம். ஆகவே, பூட்டி வைத்தவன் பேணியவன் அல்லன். அவன் உடைமையை மாத்திரமே காத்தான், பொருளை அழியவிட்டான்.

திருத்தும் வேலைக்கு எவரை நாடுவது? உதிரிப்பாகக் கடையொன்றில் விசாரித்தேன். அக்காலம் போய்விட்டது, புதியதொன்றை வாங்குங்கள் என்றனர். அப்போது எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார். அந்த யந்திரத்தை வாங்கிய நாள் முதல் நிறுத்திய நாள் வரை பிடித்து உழுதவர் அவர். ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்தவர். யான் சிறுவனாயிருந்த காலத்தில், வயதில் மூத்தவரான அவரைப் பெயர் சொல்லி, ‘நீ’ என்றே விளித்தேன். வீட்டார் பழக்கிய வழக்கம் அது. அவர் கைபட்ட யந்திரம் எங்கள் முற்றத்தில் நின்றது. அவர் வேலிக்கு வெளியே நின்றார். இரும்புக்கு இல்லாத தீட்டு மனிதனுக்கு இருந்தது. இன்று “அண்ணை” என்று அழைத்துக்கொண்டு அவர் படலையடியிற் போய் நின்றபோது, அந்த ஒரு சொல் என் வாயில் வருவதற்கு ஐம்பது ஆண்டுகள் சென்றன என்பதை உணர்ந்தேன்.

அவர் வந்தார். யந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்னர் கேட்டார்:

“எழுப்பிப்போட்டு என்ன செய்யப் போறியள், தம்பி?”

எனக்கு மறுமொழி கூற முடியவில்லை. துருவைத் துடைத்து, வர்ணம் பூசி, முற்றத்தில் நிறுத்தி, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒருமுறை ஓட்டிக் காட்டவேண்டும் என்பதே என் உள்ளக்கிடக்கை. அவர் மேலும் சொன்னார்: “இந்த மெசின் வந்த போகத்தோடை எங்கடை அப்புவுக்குக் கொத்து வேலை நிண்டுபோச்சு. பிறகு அதையேதான் நான் பிடிச்சன்.” குரலிற் கோபம் இல்லை. அது எனக்கு மேலும் கனத்தது.

செம்மண் தோட்டங்களில் மண்வெட்டி கொண்டு வரிசையாக நின்று கொத்தியோர் நிலமற்ற கூலியாளர். அவர்கள் பல நாட் செய்த வேலையை யந்திரம் ஒரு காலைப்பொழுதிற் செய்தது. முதுகு முறியும் வேலை ஒழிந்தது; அதனோடு கூலியும் ஒழிந்தது. மிஞ்சிய நேரமும் இலாபமும் எங்களுடையவாயின. 1811இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியிற் பின்னற் தறிகளை உடைத்த தொழிலாளர் இரும்பின் மீது கோபங்கொண்டனர் என்று நகைப்போர் உளர். அவர்களுடைய வழக்கு இரும்போடு இருக்கவில்லை. இரும்பு எவர் கையில், எவர் நன்மைக்காக ஓடியது என்பதோடு இருந்தது. எனவே, பழைய யந்திரத்தை எழுப்புகின்றவன் பழைய உறவையும் உடனெழுப்புகின்றானா என்று தன்னைத்தானே வினாவுதல் கடனாகும்.

வேலை தொடங்கிற்று. அவர் பிளக்கைக் கழற்றி, அத்துளையினூடாக மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றினார். வலிந்து இழுக்க முனைந்த என்னைத் தடுத்தார். இழுத்தால் றிங் முறியும் என்றார். நாள்தோறும் வந்து பிளைவீலை மெல்ல அசைத்துப் பார்த்தார். ஒன்பதாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. காபரேற்றரின் துளைகளை மெல்லிய செப்புக் கம்பியினால் திறந்தார். மக்னற்றோவின் பொயின்றுகளை அரத்தாளினால் தேய்த்து, மடித்த கடதாசித் துண்டினால் இடைவெளியை அளந்தார். கயிற்றை இழுத்ததும் பிளக்கின் முனையில் நீலப்பொறி தெறித்தது.

ஆசிரிய நண்பர்களும் மாணவரும் இவ்விடத்திற் சற்று நிற்கவேண்டும். பற்றரி இன்றியே பொறி பிறப்பது எவ்வாறு? 1831இல் மைக்கல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலினால். யானும் அதனைப் பௌதிக பாடத்திற் படித்துப் புள்ளிகள் பெற்றவன். ஆயின் எனக்குப் பொறி எழுப்பத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தின் வாசல் சரியாகத் திறவாத ஒருவருடைய கைக்கு அது தெரிந்திருந்தது. பரடே தாமும் ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பழகியவர். மூளையுழைப்பு உயர்ந்தது, கையுழைப்பு தாழ்ந்தது என்னும் பிரிவினை அறிவின் இயல்பன்று. சமுதாயம் இட்ட வேலி அது.

அந்த வேலி இன்று புதிய உருவில் எழுந்துள்ளது. புதிய பெரும் உழவு யந்திரங்களின் இயக்கம் கணினி நிரலுக்குள் அடங்கிவிட்டது; நிரலின் திறவுகோல் உற்பத்தியாளரிடம் இருக்கின்றது. விலை கொடுத்து வாங்கிய கமக்காரன் பழுதினைத் தானே திருத்த இயலாது நிற்கின்றான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாயிகளுக்கு யந்திரங்களைத் தாமே திருத்தும் உரிமையை 2023இற் சட்டமாக்க வேண்டியதாயிற்று. உற்பத்திச் சாதனம் இரும்பு மாத்திரமன்று. அதனைத் திறந்து பார்க்கும் அறிவும் உற்பத்திச் சாதனமே.

றிங்குகள், இறப்பர் வளையங்கள், வயர்கள் யாவும் மாற்றப்பட்டன. ஒரு பாகத்தைக் கடைசல் பட்டறையிற் புதிதாகச் செய்வித்தோம். அப்படியாயின் இது என் தந்தையாரின் யந்திரம்தானா? தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் உக்கிய பலகைகளை மாற்றி மாற்றிப் பேணி வந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவ ஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதியுள்ளார். ஆனால், நம் கடற்கரைகளில் வள்ளத்தின் பலகையை மாற்றும் தொழிலாளிக்கு இவ்வையம் எழுவதில்லை. அவனுக்கு வள்ளம் நாளை கடலுக்குப் போகவேண்டும், அவ்வளவே. காட்சிக்கு நிறுத்திய கப்பலைப் பற்றித்தான் அந்தக் கேள்வி பிறந்தது. தொழில் செய்யும் பொருளின் அடையாளம் அதன் தொழிலில் இருக்கின்றது.

பழையன எல்லாம் எழுப்பத்தக்கன என்பது என் வாதமன்று. இந்த யந்திரம் புகை கக்குகின்றது. எரிபொருளையும் மிகுதியாகக் குடிக்கின்றது. 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்த நாட்டில் இது சிறிய குறையன்று. எழுப்பிய இரும்பு எவருடைய முதுகின் பாரத்தைக் குறைக்கின்றது, எவருடைய கைக்கு அடங்குகின்றது என்ற இரு கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின் அதனை எழுப்புதல் தகும். கிடைக்காவிடின் அதனை உருக்கி மண்வெட்டி செய்தல் நன்று.

பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெய்க்கு மாறி அது சீராக ஓடியபோது, அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது. இப்போது அது எங்கள் முற்றத்தில் இல்லை. அவருடைய வளவில் நிற்கின்றது. சுற்றியுள்ள சிறு தோட்டக்காரர் சிலர் எரிபொருளுக்குப் பணம் போட்டு முறைவைத்து உழுகின்றனர். அவர் தம் உழைப்புக்குக் கூலி பெறுகின்றார். பொயின்ற் தேய்ப்பது எவ்வாறென்று தம் பேரனுக்கும் அயலிலுள்ள இரு சிறுவர்களுக்கும் காட்டிக் கொடுக்கின்றார். இதனாற் கடன் தீர்ந்துவிட்டது என்று எழுத யான் துணியேன். அவருடைய தந்தையார் இழந்த கூலியை எந்த யந்திரமும் திருப்பித் தராது. நிலம் இன்னும் எங்கள் பெயரிலேயே உள்ளது.

ஆயினும், அவர் கேட்ட கேள்வியை மறவாதிருக்கின்றேன். மரபு, மொழி, கலை, இயக்கம் என்று எத்தனையோ பழம்பொருள்களை நாம் கொட்டிலிலிருந்து வெளியே கொணர முற்படுகின்றோம். அவற்றை வர்ணம் பூசி முற்றத்தில் நிறுத்துவதற்கு முன்னர், வேலிக்கு அப்பால் நிற்கும் மனிதர் நம்மிடம் கேட்கக் காத்திருக்கும் கேள்வியும் அதுவே: எழுப்பி என்ன செய்யப் போகின்றீர்கள்?