அழும் பிள்ளையும் நகவெட்டியும்

ராசிங்காபுரத்தில் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிச் செல்லும் குடும்பத்துத் தாய் ஒருவர் கேட்டது இது: "ஏழு வயசு மகன். நகம் வெட்டப் போனால் கத்துகிறான். முடி வெட்டும் மெஷின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவன் அத்தா பிடித்துக்கொள்ள, நன்னி கையை அமுக்க, நான் வெட்டுகிறேன். வெட்டாமல் விட்டால் குற்றமா? இப்படி வெட்டுவது குற்றமா?"

முதற்கேள்வியைப் பலர் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்க அச்சமுள்ள உள்ளம் வேண்டும்.

"அடம், இரண்டு வைத்தால் சரியாகும்" என்பது நம் வீடுகளில் எளிதாகக் கிடைக்கும் தீர்ப்பு. அடம்பிடிக்கும் பிள்ளை இடையிடையே நம் முகத்தைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இந்தப் பிள்ளையோ எதையும் கேட்கவில்லை. தொடுவதை நிறுத்துங்கள் என்பதே அதன் கோரிக்கை. நமக்குச் சாதாரணமான தொடுதலும் ஓசையும் சில பிள்ளைகளுக்குத் தாங்கமுடியாத வேதனையாவதை அமெரிக்காவின் ஜீன் ஏயர்ஸ் என்ற அம்மையார் 1972இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம், மற்றவர்களிடமும் உண்டு.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாலிகாகாத பிள்ளைமீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நாமறிந்த ஹதீஸின் கருத்து. ஆகவே கேள்வி பிள்ளையைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. நகம் வெட்டுவது இயற்கைச் சுன்னத்துகளில் ஒன்று. அதற்கு 40 நாள் எல்லை இருந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. கணக்குப் போடுங்கள்: நாளுக்கு ஒரு விரலென்றாலும் இருபது நாளில் இருபது நகமும் முடிந்துவிடும். ஒரே வெள்ளிக்கிழமை காலையில், மூன்று பேர் அமுக்கி முடிக்கவேண்டுமென்று எந்தக் கிதாபும் கேட்கவில்லை. ஒளுவின் சட்டத்தைச் சொல்லும் 5ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனமே, உங்களைச் சிரமப்படுத்துவது இறைவனின் நாட்டமன்று, தூய்மையாக்குவதே நாட்டம் என்ற கருத்தில்தான் செல்கிறது.

முடி விஷயத்தில் ஒரு சங்கடம் வரும். இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் என்று வெட்டினால், தலையில் கொஞ்சம் மழித்துக் கொஞ்சம் விடும் 'கஸஉ' ஆகிவிடாதா என்று யாராவது கேட்பார். அந்தத் தடை மழிப்பதைப் பற்றியது; கத்தரியால் குறைப்பதைப் பற்றியதன்று. மழிப்பதிலும்கூட சிகிச்சை போன்ற தேவைக்கு விலக்குண்டு என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாதி வெட்டிய தலையைத் தெரு பார்த்துச் சிரிக்குமே என்பதுதான் உண்மையான கவலை. அப்படியானால் நாம் யாருடைய அழுக்கைப் போக்குகிறோம்?

தொழுகையை நீட்ட எண்ணி நின்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாய் படும் பாட்டை எண்ணிச் சுருக்கிக்கொண்டார்கள். தொழுகையே சுருங்கியது. முடிவெட்டு சுருங்கக்கூடாதா?

இதைக்கொண்டு சுத்தத்தையே கைவிடலாமென்று யாரும் எண்ணவேண்டாம். இன்னும் சில ஆண்டுகளில் அவன் பாலிகாவான். அறிவுத் தெளிவிருந்தால் ஒளுவும் குளிப்பும் அவன்மீதே பர்ளாகும். தண்ணீர் என்றாலே அமுக்கிப்பிடித்த கைகள்தான் நினைவுக்கு வருமென்றால், இன்றைய நகத்துக்காக நாளைய ஒளுவை நாம் விற்றுவிட்டோம். ஆகவே மெல்லப் பழக்குவது சலுகையன்று, கடமை. ஹனபி மத்ஹபில் உறுப்புகளை ஒருமுறை கழுவுவதும் தலையில் கால்பகுதி தடவுவதுமே பர்ளு. மூக்குக்குத் தண்ணீர் செலுத்தும் சுன்னத்தைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

அந்தத் தாய்க்குச் சொன்னவை சிறிய விஷயங்கள்தாம். குளித்து நகம் இளகியபின், அல்லது அயர்ந்து தூங்கும்போது வெட்டுங்கள். பூப்போல் தொடாதீர்கள், அது இவர்களுக்குக் கூசும்; உள்ளங்கையை முதலில் நன்றாக அழுத்திப் பிடித்துவிடுங்கள். எந்த விரலென்று அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மெஷின் வேண்டாம், கத்தரி போதும். பெருநாள் சட்டையை நாலைந்து முறை துவைத்து, கழுத்திலுள்ள லேபிளைப் பிரித்தெடுத்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சொன்னார்: வலக்கையில் மூன்று விரல் முடிந்திருக்கிறதாம். நன்னிதான் பொறுமையில்லாமல் மீதியையும் முடித்துவிடச் சொல்கிறாராம்.