பசைக்கு முன் சூடு

மாண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது மின்சார மாண்டலின். அதன் உடல் முழுக்கட்டை. பக்கப்பலகைக்கு அங்கே வேலையே இல்லை. அமெரிக்காவின் புளூகிராஸ் கலைஞர்கள் வாசிப்பதோ உள்ளே கூடான மாண்டலின். மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம், அடிப்பலகை மேப்பிள். இரண்டையும் சுற்றி இணைப்பவை இரண்டு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே உள்ள மேப்பிள் பக்கப்பலகைகள். சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புவோருக்கு, வேண்டிய மரத்துண்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில் விலைக்குக் கிடைக்கின்றன.

பக்கப்பலகைகள் பெரும்பாலும் முன்பே வளைக்கப்பட்டுத்தான் வரும். ஆனாலும் உடலின் வடிவில் வெட்டிய அச்சில் வைத்தால் உடனே உட்காராது. வளைத்த மரம் சற்று விரியும் இயல்புள்ளது. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது வளைவும் மாறும். பலகைகளின் முனைகள் சேரும் கழுத்துக் கட்டையை ஒட்டியோ வால் கட்டையை ஒட்டியோ நூலிழை இடைவெளி தெரியும். கை பரபரப்பது இங்கேதான். இன்னொரு கிளாம்ப் போட்டு இறுக்கினால் இடைவெளி மறைந்துவிடும், பசை காய்ந்தபின் கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் இறுக்கிய விசை அந்த இணைப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எட்டுக் கம்பிகளின் இழுவையும் அதன்மேல் சேர்கிறது. வெயிலும் ஈரமும் மாறி மாறி வரும்போது முதலில் வாய் பிளப்பது அந்த இடம்தான். ஒன்றோடொன்று பொருந்திய மரங்களைச் சேர்த்துப் பிடிப்பது பசையின் வேலை. முறுக்கிக்கொண்டு நிற்கும் மரத்தைக் காலமெல்லாம் அடக்கி வைப்பது அதன் வேலை அல்ல.

இதற்கு மருந்து சூடுதான். மர இழைகளைப் பிணைத்திருக்கும் லிக்னின், ஈரத்தோடு சூடு சேரும்போது இளகும். பலகையை லேசாக நனைத்துச் சுடுகுழாயின் மேல் மெல்ல நகர்த்தினால், ஒரு கட்டத்தில் எதிர்ப்பு தளர்வதைக் கையே உணரும். அப்போது வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் போதும். வரிவரியாக இழை நெளியும் மேப்பிள் அழகானது, ஆனால் அந்த வரியிலேயே முறியவும் செய்யும். வெளிப்புறம் மெல்லிய உலோகத் தகடு கொடுத்து வளைப்பது அதனால்தான். தோளில் சுருள் உள்ள எஃப் வகையில் வளைவு மிகக் கடுமை. முதல் மாண்டலினுக்குச் சுருள் இல்லாத ஏ வகையே நல்லது.

வளைத்த மரத்தின்மேல் நம்பிக்கையே இல்லாதவர் ஒருவர் இருந்தார். மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் மாண்டலின் செய்த ஆர்வில் கிப்சன்தான் அவர். வளைத்து நெருக்கடியில் வைத்த மரம் நன்றாக அதிராது என்று எண்ணி, பக்கங்களை முழுமரத்திலிருந்தே வடித்தெடுத்தார். 1898-இல் அந்த அமைப்புக்குக் காப்புரிமையும் பெற்றார். 1902-இல் அவர் பெயரில் தொடங்கிய கம்பெனி பின்னாளில் வளைத்த பலகைக்கே மாறியது. அங்கே பணியாற்றிய லாய்ட் லோர் 1922-இல் கொண்டுவந்த எஃப்-5 மாண்டலினும் அப்படித்தான். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோ வாசித்தது 1923-ஆம் ஆண்டின் எஃப்-5. வளைவைக் கண்டு ஆர்வில் அஞ்சியது தேவையற்றது. மரத்தை நெருக்கடியில் வைக்கக் கூடாது என்ற அவருடைய அக்கறை மட்டும் முற்றிலும் சரி.

ஆகவே முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். விரலால் தள்ளினாலே பலகை அச்சில் உட்காரும்வரை சூடு காட்டுங்கள். மாலை முழுவதும் போனாலும் போகட்டும், பசையை மறுநாள் திறந்துகொள்ளலாம்.