வாசலை அடைத்து நிற்பவர்கள்

கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்தபோது வாசலில் இடமில்லை. கூரையைப் பிரித்து அவரை இறக்க வேண்டியதாயிற்று. மாற்கு நற்செய்தி கூறும் அந்த நால்வரின் நம்பிக்கையைப் போற்றி நாம் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். வாசலை அடைத்து நின்றவர்களைப் பற்றி மட்டும் சிந்தித்ததில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். இறைவார்த்தையை ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய முதுகே தடையாயிற்று.

இச்சிந்தனையை நம்முள் எழுப்பியவர், கலவைப் பகுதியில் வாழும் பார்வையற்ற பெரியவர் ஒருவர். தோல் பதனிடும் தொழிலில் உழைத்து ஓய்ந்தவர். "சாமி, எழுத்தா அனுப்பினா என் போன் படிச்சுச் சொல்லும், நீங்க அறிவிப்பையெல்லாம் படமா அனுப்புறீங்களே" என்றார். அழகுக்காக நாம் பூவேலையுடன் அனுப்பிய திருப்பலி நேரங்கள் அவருக்கு வெறும் மௌனமாகவே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இணையதளங்களிலும் இதுவே நிலை. திரையை வாசிக்கும் மென்பொருள் எழுத்தை ஒலியாக்கும். படத்திற்கு விளக்கமும் பொத்தானுக்குப் பெயரும் எழுதப்படாவிடில் அது என்ன செய்யும்? வங்கிக் கணக்கைப் பார்க்கவும் ஒருவர் தம் கடவுச்சொல்லை அயலாரிடம் ஒப்படைக்க நேரிடுகிறது. அங்கே அவர் இழப்பது வசதியை மட்டுமன்று, தம் மாண்பையும்தான்.

சிலருக்காக இத்தனை முயற்சி வேண்டுமா எனக் கேட்போர் உண்டு. அமிலத் தாக்குதலுக்கு ஆளானோர், கண் சிமிட்டிக் காட்டினால்தான் உயிருள்ளவர் என ஏற்கும் இணையவழிச் சரிபார்ப்பைக் கடக்க இயலாமல் நீதிமன்றத்தை நாடினர். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையவழிச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்தது. உரிமை என்பது தலைகளை எண்ணி வழங்கப்படுவதன்று.

நம் வேலூரே இதற்குச் சான்று. 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத்துறையை வளர்த்தார். இரக்கம் மட்டும் கிடைத்திருந்தால் அவர் நோயாளியாகவே இருந்திருப்பார். இடம் கிடைத்ததால் மருத்துவராகத் தொடர்ந்தார். இரக்கத்திற்கும் நீதிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இப்போது நம் பங்கின் அறிவிப்புகள் எழுத்தாகவே செல்கின்றன. அதற்குச் செலவு ஏதுமில்லை. சற்றே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவே. கூரையைப் பிரிக்க நால்வரைத் தேடுமுன், வாசலில் நிற்கும் நாம் கொஞ்சம் விலகி நிற்போம்.