மருந்து தரும் அமைதி



சாவை எதிர்நோக்கும் நோயாளிக்கு ஒரு மருந்து மன அமைதியைத் தருமாயின், அந்த அமைதி மெய்யானதா, பொய்யானதா? இது வெறும் கற்பனைக் கேள்வியன்று.

சிலவகைக் காளான்களிலுள்ள சைலோசைபின் எனும் பொருள் மாயக்காட்சிகளைத் தோற்றுவிப்பது. 1970இல் அமெரிக்கச் சட்டம் அதனைக் கடுந்தடைக்கு உட்படுத்தியது; ஆராய்ச்சியும் படிப்படியாக ஓய்ந்தது. ஆனால், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 51 புற்றுநோயாளருக்கு அதனைக் கொடுத்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதங்களின் பின்னரும் ஏறத்தாழ ஐந்தில் நால்வரின் மனச்சோர்வும் அச்சமும் நன்கு தணிந்திருந்தன.

குளிசையால் வரும் சமாதானமும் ஒரு சமாதானமா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். கடும் நோவுக்கு மோர்பீன் கொடுப்பதை நாம் குறைகூறுவதில்லை. தகுந்த காரணமிருப்பின் அது நியாயமே எனப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957இலேயே போதித்தார். உள்ளத்தின் நோவு மட்டும் நோவல்லவா? மனச்சோர்வை விசுவாசக் குறைவெனப் பழிப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆயினும், நோவைத் தணிப்பது வேறு. ஒருவரது நம்பிக்கையை மாற்றுவது வேறு. இம்மருந்தின் பிடியிலிருப்பவர் பிறர் சொல்லுக்கு எளிதில் வசப்படக்கூடும். அவ்வேளை அருகிலிருப்பவர் தம் கருத்தை அவருள்ளத்தில் விதைத்தால், அது களவு. 2023 யூலையில் அவுஸ்திரேலியா இதனை விசேட அனுமதிபெற்ற மனநோய் வைத்தியரிடம் மட்டுமே ஒப்படைத்ததும் காரணத்தோடுதான்.

மரத்தை அதன் கனியால் அறிவோம். மருந்து தெளிந்தபின் அந்நோயாளி தம் மனைவி மக்களோடு மனந்திறந்து பேசுகிறாரா? பகைத்தவரை மன்னிக்கிறாரா? ஆமெனில், அமைதி எந்த வாசலால் வந்ததென வழக்காட நாம் யார்?