எங்கடது எது?

கிழக்கிலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போகிற எந்தப் பாடசாலையின் நிரலை எடுத்துப் பார்த்தாலும் மூன்று இடங்கள் பெரும்பாலும் இருக்கும்: தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், தேசிய நூதனசாலை. முதல் இரண்டுக்கும் பிள்ளைகள் போகிறார்கள், மூன்றாவதற்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். இரவு முழுக்க பஸ்ஸில் வந்த களைப்போடு, வரிசை கலையாமல், பெட்டிகளில் இருக்கும் குறிப்புகளைக் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடுகிறார்கள். நித்திரைக் குறைவுதான் காரணம் என்று நாமும் விட்டுவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தரம் எட்டு மாணவன் ஒருவன் ஒருமுறை என் கையைச் சுரண்டிக் கேட்டான்: "எங்கட ஆக்கள்ர சாமான் ஒண்டும் இஞ்ச இல்லியா சேர்?"

நியாயமான கேள்வி. அநுராதபுரத்துப் புத்தர் சிலைகள், பொலன்னறுவை வெண்கலங்கள், கண்டி அரசரின் சிம்மாசனம் என்று அறை அறையாகக் கடந்து வந்த பிள்ளை, தன் வீட்டு முகம் ஒன்றைத் தேடுகிறது. இதற்கு ஆசிரியர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. "எல்லாமே நம் நாட்டுச் சொத்துத்தான் மகன்" என்பது ஒன்று. அறைக்கு அறை தன் முகத்தைக் காண்கிறவர் வாயில் இது இலேசாக வரும். காணாத பிள்ளைக்கு இது பதிலாகாது. மற்றது, கையைப் பிடித்துக்கொண்டுபோய் மும்மொழிக் கல்வெட்டின் முன்னால் நிறுத்தி, "இந்தா, எங்கடது" என்பது.

அந்தக் கல்லைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டது; சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது. சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவை, தென்னாவர நாயனார் என்ற பெயரில் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் இஸ்லாமியப் பெரியார்களையும். சீனத்திலும் தமிழிலும் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றேதான்: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று போகிறது. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது இந்தக் கல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது.

இதில் எது எங்கடது? எங்கள் பிள்ளையின் மொழி தமிழ். அது இங்கே விஷ்ணுவைப் பாடுகிறது. அல்லாஹ்வைப் போற்றும் மொழியை வாசிக்க எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. கல்லை நிறுத்தியவரோ சீனத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று ஒரு வரியில் முடித்துவிடவும் முடியாது. அதே செங் ஹேதான் இந்த நாட்டின் ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்து 1411இல் சீனாவுக்குக் கொண்டுபோனவர். காணிக்கையும் படையும் ஒரே கப்பலணியில்தான் வந்தன. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தரம் எட்டுக்கு விளங்காத விடயமில்லை.

ஊரில் சில வாப்பாமார் வேறொன்று கேட்பார்கள்: சிலைகளைக் காட்டவா இவ்வளவு தூரம் கூட்டிப்போறீங்க? பார்ப்பது வேறு, வணங்குவது வேறு என்று சொல்லி அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் வாங்கிவிடலாம். ஆனால் மாலைதீவை நினைத்தால் அந்தக் கேள்வி அவ்வளவு இலேசில் முடிவதில்லை. 2012 பெப்ரவரி 7ஆம் திகதி மாலே தேசிய நூதனசாலைக்குள் புகுந்த கும்பலொன்று, இஸ்லாத்துக்கு முந்திய காலத்துப் பொருட்கள் முப்பதளவில் உடைத்து நொறுக்கியது. பவளக்கல்லில் செதுக்கிய பௌத்தச் சிலைகள் அவற்றில் இருந்தன. அந்நாட்டின் அக்காலச் சேகரிப்பு ஏறக்குறைய முழுவதும் அதோடு போயிற்று. அவற்றை அங்கே யாரும் வணங்கிக்கொண்டிருக்கவில்லை. அவற்றைச் செதுக்கியவர்கள் அந்தத் தீவு மக்களின் முன்னோர்தாம்.

அமானிதம் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. அடுத்தவர் பொருளை வீட்டில் வைத்துக் காப்பவனுக்கு அதன்மேல் உரிமை வருவதில்லை. ஆனாலும் அதற்கும் அவனுக்கும் இடையில் ஒன்று உண்டாகிவிடுகிறது. அந்த ஒன்றைத்தான் நூதனசாலையில் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குக் கண்ணாடிப் பெட்டிகளை விடக் கட்டடமே உதவுகிறது.

தேசாதிபதி வில்லியம் கிரெகரி காலத்தில் எழுந்து 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட இந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டாராம்; அது நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததாம். பின்னாளில் கண்டிச் சிம்மாசனத்தை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, வெள்ளிக்கிழமையும் திறப்பதற்காகப் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க, வாப்பிச்சியின் பேரர் சேர் ராசிக் பரீதிடம் சம்மதம் பெற்றதாகவும் சொல்வார்கள். தன் சமூகத்தின் பெயரில் ஒரு பெட்டி வேண்டும் என்று அந்த மனிதர் கேட்டதாக எந்தக் கதையும் இல்லை. தான் வணங்காத தெய்வங்களும் வந்து தங்கப்போகிற ஒரு வீட்டுக்கு ஒழுகாத கூரை போட்டுக் கொடுத்தார்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எங்கட ஆள் கட்டினது என்ற பெருமைதான் முதலில் வருகிறது. வரட்டும். அதற்குப் பிறகு உள்ளே போகிற பிள்ளையின் நடை கொஞ்சம் வேறு.

கொப்பிகளை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கொரு பொருளைத் தெரிந்து அதன் முன்னால் பத்து நிமிடம் நிற்கச் சொல்வது நல்லது. கல்லோ, சிலையோ, வாளோ, அவரவர் விருப்பம். அதற்கு இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். மிருகக்காட்சிசாலையில்தான் நேரத்தை வெட்ட வேண்டி வரும். அதிபர் சம்மதிப்பார். யானையைப் பார்க்க வந்த பிள்ளைகளிடம் யார் சொல்வது?