அறிவுக்குப் பால் உண்டா?

அறிவில் ஆண்பால், பெண்பால் உண்டா? இவ்வினாவைக் கேட்டதும் நகைப்போரே மிகுதி. இரண்டும் இரண்டும் நான்கு என்பது யார் சொன்னாலும் நான்கே அன்றோ! ஆயினும் அந்நகைப்பைப் பொருட்படுத்தாது, வாழ்நாள் முழுதும் அவ்வினாவைப் பற்றி நின்றவர் அமெரிக்கப் பேரறிஞர் ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர் அம்மையார்.

ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1936இல் நியூயார்க்கில் பிறந்தவர் அவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று 1963இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே பெண் என்பதால் தமக்கு நேர்ந்த ஏளனத்தையும் தனிமையையும் 1977இல் ஒரு கட்டுரையில் எழுதினார். எனினும் துயருற்றோர் எல்லாரும் தத்துவம் காண்பதில்லை. அவருடைய சிந்தனையின் வலிமையைக் காண விரும்புவோர், மண்ணில் வாழும் அமீபா வகைச் சிற்றுயிர் ஒன்றைப் பற்றிய அவர் ஆய்வை நோக்குதல் வேண்டும்.

இரை உள்ளவரை அவ்வுயிரின் அணுக்கள் தனித்தனியே வாழும். இரை தீர்ந்ததும் ஆயிரக்கணக்கில் திரண்டு ஓருடலாகும். ஒரு பகுதி காம்பாகி மடியும். எஞ்சியவை அதன் உச்சியில் வித்துகளாகும். இவற்றைக் கூட்டுவிப்பது யார்? ஆணையிடும் தலைமை அணு ஒன்று இருந்தே தீரும் எனப் பலர் கருதினர். தலைமை ஏதுமின்றியே, தாம் வெளியிடும் இரசாயனப் பொருளின் வழியே அணுக்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கூடவல்லன என்பதை 1970இல் கணித அறிஞர் லீ சேகலும் கெல்லரும் கணக்கிட்டுக் காட்டினர். அதன் பின்னரும் தலைமை அணுவைக் கைவிட ஆய்வாளர் பலருக்கு மனம் வரவில்லை. ஏவுபவர் ஒருவர், ஏவப்படுவோர் பலர் என்ற அமைப்பு நம் உள்ளத்தில் ஊறிப்போனதால், இயற்கையிலும் அதையே தேடுகிறோம் என்றார் அம்மையார்.

அரபு மொழியில் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால். ஏன் என்று மாணவர் கேட்டால், மொழி மரபு என்பதன்றி வேறு விடை என்னிடம் இல்லை. அது தீங்கற்ற மரபு. இயற்கையைப் பெண்ணாகவும் அதை அடக்கி ஏவல் கொள்ளும் அறிவை ஆணாகவும் உருவகிப்பதோ அவ்வாறன்று. பிரான்சிஸ் பேக்கனின் எழுத்துகளில் இவ்வுருவகம் இருப்பதைக் கெல்லர் 1985இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். உருவகங்களைக் கொண்டு ஒரு யுகத்தின் விஞ்ஞானத்தையே அளப்பது சற்று மிகை என்பது என் கருத்து. கணக்கோடு நிற்கும் அமீபாச் சான்றே எனக்கு வலியதாகப் படுகிறது.

மக்காச்சோளத்தின் குரோமோசோம்களில் இடம்பெயரும் கூறுகள் உண்டெனக் கண்ட பார்பரா மக்ளின்டாக் அம்மையாரின் வரலாற்றைக் கெல்லர் எழுதி வெளியிட்டது 1983இல். அவ்வாண்டே மக்ளின்டாக் நோபல் பரிசும் பெற்றார். ஒவ்வொரு செடியையும் நாற்றுப் பருவம் முதல் தனித்தனியே அறிந்து நேசித்தவர் அவர். நேசம் அறிவை மறைக்கும் என்பது பொதுக்கருத்து. பிறர் காணாத வேற்றுமைகளை அவருக்குக் காட்டியது அந்நேசமே என்பது கெல்லரின் துணிபு.

அங்ஙனமாயின் உண்மை என்பது ஆளுக்கொன்றோ? பெண்களுக்கெனத் தனி விஞ்ஞானம் ஒன்றோ? இரண்டையும் கெல்லர் மறுத்தார். அவர் வேண்டியது, ஆய்வாளர் தம் பொருளைச் சோதிப்பது போலவே தம் மனச்சாய்வையும் சோதிக்க வேண்டும் என்பதே. முதுமையிலும் அவர் இதில் தளரவில்லை. உயிரினத்தை ஆளும் தலைவனாக மரபணுவைப் பேசும் வழக்கையும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வினவினார். 2023 செப்டம்பரில், 87ஆம் வயதில் அவர் காலமானார்.