நேர்மையாளரின் பிழை

பொய் சொல்பவன் பிறரை ஏமாற்றுகிறான். இது எளிதில் விளங்குவது. ஆனால் பொய்யே சொல்லாத ஒருவர், எவரையும் ஏமாற்ற எண்ணாத ஒருவர், தாமும் ஏமாந்து பிறரையும் ஏமாறச் செய்துவிட இயலுமா? இயலுமெனில், அதற்கு அவர் பொறுப்பாவாரா? பழமையான இக்கேள்விக்கு உளவியல் என்னும் இளைய அறிவியல் தன் சொந்த வரலாற்றிலிருந்தே விடை தருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வாழ்ந்தார். ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்கு, பள்ளிச் சிறுவனுக்குக் கற்பிப்பதுபோல் பொறுமையோடு கணக்குக் கற்பித்தார். கேள்வி கேட்டால் குதிரை குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். கூட்டலும் பின்னமும் அதற்குக் கைவந்தவை என மக்கள் வியந்தனர். ஓஸ்டன் இதற்காகக் கட்டணம் எதுவும் பெறவில்லை. 1904ஆம் ஆண்டு பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் தலைமையிலான குழு ஆராய்ந்து, இதில் மோசடி ஏதுமில்லை என அறிவித்தது. அம்முடிவு சரியே. மோசடி இல்லை, ஆயினும் குதிரைக்குக் கணக்கும் தெரியாது.

இதனை வெளிக்கொணர்ந்தவர் ஸ்டும்ப்பின் மாணவரான ஆஸ்கர் ஃபுங்ஸ்ட். அவர் ஓஸ்டனின் நேர்மையை ஐயுறவில்லை. சோதனையின் அமைப்பையே மாற்றினார். விடை தெரியாதவரைக் கொண்டு கேள்வி கேட்கச் செய்தார். கேட்பவரைக் குதிரையின் பார்வையிலிருந்து மறைத்தார். இரு நிலையிலும் குதிரையின் கணிதம் பொய்த்தது. நடந்தது இதுதான்: கேள்வி கேட்டவர் குளம்பை நோக்கித் தலையைச் சற்றே தாழ்த்துவார், தட்டுதல் சரியான எண்ணை எட்டியதும் அவரையறியாமலே தலை இம்மியளவு நிமிரும். அந்த அசைவைக் கண்டே குதிரை நின்றது. 1907ஆம் ஆண்டு இதனை நூலாக வெளியிட்ட ஃபுங்ஸ்ட், இரகசியம் தெரிந்த பின்னும் தம் தலையசைவை முற்றிலும் அடக்கத் தம்மாலேயே இயலவில்லை எனக் கண்டார். நம் விருப்பம் நம் அனுமதியைக் கேட்பதில்லை.

குதிரைக்கு நேர்ந்தது ஆய்வுக்கூடத்திலும் நேரும் என்பதை 1963ஆம் ஆண்டு ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் காட்டினர். மாணவர் சிலரிடம் வெள்ளெலிகளைக் கொடுத்து, ஒரு சாராரிடம் இவை கூர்மதி வாய்ந்த இனம் என்றும், மறுசாராரிடம் இவை மந்தமானவை என்றும் கூறினர். உண்மையில் எல்லாமே சாதாரண எலிகள். ஆயினும் ‘கூர்மதி’ எலிகளே பாதையை விரைந்து கற்றன. அவற்றைக் கையாண்ட மாணவர்கள் தாங்கள் அவற்றிடம் மிகுந்த பரிவு காட்டியதாகவும் தெரிவித்தனர்.

அண்மைக்காலமும் இதற்கு விலக்கன்று. முதுமையைக் குறிக்கும் சொற்களைப் படித்தவர்கள் தம்மையறியாமல் மெதுவாக நடந்தனர் என 1996ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வொன்று கூறியது. 2012ஆம் ஆண்டு பெல்ஜிய ஆய்வாளர்கள் தானியங்கிக் கருவியால் நேரத்தை அளந்து அதனை மீண்டும் செய்தபோது அவ்விளைவு தென்படவில்லை. அடுத்த சோதனையில், மெதுவாக நடப்பர் எனச் சோதனையாளர் நம்பியிருந்தபோது மட்டுமே அவர்கள் மெதுவாக நடந்தனர். 2015ஆம் ஆண்டு 100 உளவியல் ஆய்வுகளைப் பலர் கூடி மறுபடி செய்து பார்த்ததில், ஏறத்தாழ 36 விழுக்காட்டில் மட்டுமே புள்ளியியல் நோக்கில் உறுதியான முடிவு மீண்டும் கிடைத்தது. இதற்கு மோசடியைத் தேட வேண்டியதில்லை. தற்செயலான முடிவை மெய்யென நம்புவதும், விரும்பிய விடை வந்ததும் எண்ணுவதை நிறுத்திக்கொள்வதும், வராத ஆய்வை இழுப்பறையில் வைத்துவிடுவதும் போதும்.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. தமிழில் உள்ளத்தோடு உண்மையையும், வாயோடு வாய்மையையும், மெய்யோடு மெய்ம்மையையும் சேர்த்துச் சொல்வது மரபு. ஓஸ்டனின் உள்ளத்தில் வஞ்சமில்லை, வாயில் பொய்யில்லை. அவருடைய மெய்யே, அதாவது உடலே, அவரறியாமல் விடை சொல்லிக்கொண்டிருந்தது. எனவே ‘நான் மனமறியப் பொய் சொல்லவில்லை’ என்பது நற்சான்றின் தொடக்கமேயன்றி முடிவன்று.

அறியாமையிலும் இருவகை உண்டு. அறிய வழியே இல்லாத அறியாமைக்கு எவரும் குற்றவாளியாவதில்லை. வழியிருந்தும் அதனை நாடாதிருப்பது வேறு. ஃபுங்ஸ்டின் முடிவை ஓஸ்டன் இறுதிவரை ஏற்கவில்லை. குதிரையை நம்பியது அவருடைய பிழை. பிழையைக் காட்டிய சோதனையைப் புறக்கணித்ததே அவருடைய குறை.

இன்றைய ஆய்வாளர், எவருக்கு மருந்து, எவருக்கு வெறும் மாவு என்பதைத் தமக்கே தெரியாதபடி மறைத்துக்கொள்கிறார். எதை எதிர்பார்க்கிறார், எப்படிக் கணக்கிடுவார் என்பதை ஆய்வுக்கு முன்பே எழுதிப் பதிவு செய்கிறார். இது மனிதரை நம்பாத குளிர்ந்த மனப்போக்கு எனச் சிலர் வருந்தக்கூடும். அவ்வாறன்று. பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவரின் பெயரை மறைத்தே திருத்துநரிடம் தருகிறோம். நல்லாசிரியர் எவரும் அதனைத் தமக்கு இழைத்த அவமதிப்பாகக் கொள்வதில்லை. தம் மனச்சாய்விலிருந்து மாணவரைக் காக்கும் வேலியாகவே கொள்கிறார்.

அவ்வேலி ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் உரியதன்று. இந்தப் பிள்ளை மந்தம், அந்தக் குடும்பம் அப்படித்தான் எனத் தீர்ப்பிட்ட பிறகு, நம் முகமும் குரலும் அத்தீர்ப்பை நாள்தோறும் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. நாம் எதிர்பார்த்ததே நிகழும்போது, ‘நான் அன்றே சொன்னேனே’ என்கிறோம். அவ்வாறு சொல்லுமுன், நம் தலை எந்த எண்ணில் நிமிர்ந்தது என ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று. தன்னை ஐயுறத் துணிபவரே பிறருக்கு நீதி செய்ய வல்லவர்.